ஒன்பது நாளாய் வாய் திறக்காத பெட்டி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் லிஃப்ட்காரன் வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா? அந்தச் சிரிப்பைப் பார்த்து நீங்களும் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பீர்கள். விட்ட மூச்சைத் திரும்பப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் பழுது பார்க்கும் நம் லிஃப்ட்காரனின் ஒரே மகளுக்கு ஆறு வயது. வீட்டில் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறக்கும்போதே ரத்தத்தில் எழுதி வந்த வியாதி அவளுக்கு. அதன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டருக்கே மூச்சு வாங்கும். லட்சம் பிள்ளைகளில் ஒன்றுக்கு வருமாம். நடந்த கால் நின்றது. பேசிய ஏழெட்டு வார்த்தையும் ஒவ்வொன்றாய்ப் போனது. விழுங்க முடியாமல் வயிற்றில் குழாய் வைத்தார்கள். "மருந்து இல்லை. இருக்கிற வரைக்கும் நல்லா வெச்சுக்கலாம்" என்றார் டாக்டர். "எங்க வீட்டிலேயே நல்லா வெச்சுக்கிறோம்" என்று அவள் அம்மா தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கட்டிலருகே ஒரு பெட்டி இருக்கிறது. அதிலிருந்து வரும் கம்பி குருவியின் கால் பெருவிரலில் மாட்டியிருக்கும். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பச்சை எண்ணில் காட்டும். தொண்ணூறுக்குக் கீழே போனால் கத்தும். கத்தினால் யாராவது ஓடிப் போய்ச் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

அந்தப் பெட்டி ஒன்பது நாளாய் வாய் திறக்கவில்லை. குருவி தேறி வருகிறாள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஏன் கத்தவில்லை என்பது லிஃப்ட்காரனுக்குத் தெரியும்.

ஒன்பது நாளுக்கு முன்பு ஒரு விடியற்காலையில் அவன் மனைவி பால் காய்ச்சியபடி நின்றவாக்கிலேயே தூங்கிப்போனாள். கை கொதிக்கும் பாத்திரத்தில் பட்டும் அவளுக்கு விழிப்பு வரவில்லை. அவன்தான் இழுத்தான். ஐந்து வாரமாகத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் தூங்கியறியாதவள். மருந்து தடவிப் படுக்க வைத்துவிட்டு வந்தவன், பெட்டியின் எல்லையைத் தொண்ணூறிலிருந்து எண்பதாக இறக்கினான். இன்றைக்கு ஒரு நாள் இவள் தூங்கட்டும், நான் விழித்திருந்து எண்ணைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தான்.

அவள் எழுந்து வந்து, "இன்னைக்கு ஒரு தடவைகூடக் கத்தலைங்க!" என்று முகமெல்லாம் பல்லாய்ச் சொன்னபோது, உண்மை அவன் தொண்டையில் மீன் முள்ளாய் நின்றுவிட்டது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

ஒரு நாள் ஒன்பது நாளாயிற்று. இடையில் ஆறாம் நாள், அவள் குளிக்கப் போன நேரத்தில் எல்லையைத் திரும்பத் தொண்ணூறில் வைத்துப் பார்த்தான். நான்கே நிமிடத்தில் பெட்டி கத்தியது. சட்டென்று அமுக்கி, மறுபடி எண்பதாக்கினான். விரலில் கவ்வி சரியாக உட்காரவில்லை, அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டான் என்கிறேனே தவிர, நம்பினான் என்று சொல்லவில்லை.

இனி இன்றைய பொழுதுக்கு வருவோம்.

காலை எட்டு மணி. எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் மனைவி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

பல்செட் செய்கிற கூடத்தில் அவளுக்கு வேலை. மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு பல்லாய் எடுத்து நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் கவ்விப் பிடிக்கும்படி அடுக்குவதில் அவள் கைக்குத் தனிப் பேர். முதலாளி மூன்று முறை போன் செய்துவிட்டார். பெட்டிதான் வாய் மூடியிருக்கிறதே என்று சொல்லி, இன்று ஒரு நாள் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணு மெஷினுக்கே லீவு கொடுத்துட்டா. எனக்குக் கொடுக்க மாட்டாளா?" என்றபடி குருவியின் மேல் குனிந்தாள். "ஏய் முதலாளி, அம்மா போய்ட்டு வரட்டுமா?"

குருவிக்கு மிஞ்சியிருக்கும் பேச்சு கண்தான். மேலே பார்த்தால் சரி. பக்கத்தில் பார்த்தால் வேண்டாம். அவள் அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கருவிழிகள் மெல்ல மேலே போயின.

"பார்த்தீங்களா, உத்தரவு ஆயிடுச்சு!"

"உத்தரவு வாங்கினவ சீக்கிரம் கிளம்பு. உன்னால ஊர்ல ரெண்டு பேர் பொக்கை வாயோட உக்காந்திருக்காங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

குரலுக்குச் சொந்தக்காரி லிஃப்ட்காரனின் அக்கா. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்து, ஊர்ப் பிள்ளைகளின் மூக்கையெல்லாம் துடைத்து விட்டவள். சொந்தப் பிள்ளை இல்லை. குருவிக்காகத் துணிமூட்டையோடு வந்து இறங்கியவள் இன்னும் திரும்பிப் போகவில்லை.

"அண்ணி, பதினோரு மணிக்குப் பால் குழாய்ல விடணும். அப்புறம் தூங்குவா. மூணு மணிக்கு நர்ஸம்மா வருவாங்க."

"தெரியும்டீ. அது கத்தினா நான் மொட்டை மாடியில இருந்தாலும் ஓடி வந்துடுவேன். எறும்பு இருமினாக்கூட என் காதுக்குக் கேக்கும்."

கத்தினா. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் லிஃப்ட்காரன் கண் பெட்டியின் மேல் போனது.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மனைவியின் அருகே போனான். "ஒரு விஷயம்…"

"சொல்லுங்க."

எட்டு மாதத்துக்குப் பிறகு தலையை ஒழுங்காகச் சீவியிருந்தாள். கையில் தீக்காயத்தின் தடம் வெளிர்ந்து கிடந்தது.

"கால் விரல்ல அந்தக் கவ்வி கொஞ்சம் லூஸா இருக்கு. அதான்…"

அவள் அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சரி" என்று படியிறங்கிவிட்டாள்.

லிஃப்ட்காரனுக்கு அன்று பன்னிரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் வேலை. ஏழாவது மாடிக் கதவு சரியாகப் பூட்டிக்கொள்ளாமல் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடுகிறது என்று புகார். உச்சியில் மோட்டார் அறையில் அவன். கீழே ஏழாவது மாடியில் அவன் கூட்டாளி மீசை. இருபது வருஷமாக ஒன்றாகக் கிரீஸ் பூசிக்கொண்டவர்கள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. பழுது பார்க்க நகர்த்தித்தான் ஆகவேண்டும் என்றால், ஒரு சின்னச் சிவப்பு வயரைக் கதவுச் சுவிட்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே போட்டு, கதவு மூடியிருப்பதாக மெஷினை ஏமாற்றுவார்கள். அந்த வயரை மறந்து விட்டுவிட்டு வந்தால் அவ்வளவுதான், கதவு திறந்தபடியே லிஃப்ட் ஓடும். உள்ளே கால் வைக்கிறவன் பள்ளத்தில் கால் வைப்பான். அதனால் எண்ணி எடுத்துக்கொண்டு போவார்கள், இறங்குமுன் எண்ணிக் காட்டுவார்கள்.

பத்து மணியிலிருந்து அவன் வீட்டுக்கு நான்கு முறை போன் செய்துவிட்டான்.

"குருவி எப்படி இருக்கா?"

"அஞ்சு நிமிஷம் முன்னாடி எப்படி இருந்தாளோ அப்படியே இருக்கா. ஏன்டா, வேலைக்குப் போனியா, இல்ல வாசல்லயே நின்னு போன் பண்றியா?"

"நம்பர் என்ன காட்டுது?"

"தொண்ணூத்தி ரெண்டு. நீ போனை வெச்சா நான் பாலை விடுவேன்."

ஐந்தாவது முறை அடித்தபோது யாரும் எடுக்கவில்லை. மணி பதினொன்றே முக்கால்.

"என்னப்பா, முடிஞ்சுதா?" என்று மீசையின் குரல் வாக்கி-டாக்கியில் வந்தது.

"முடிஞ்சுது. ஆளுங்களை ஏறச் சொல்லு."

"கையில எத்தனை?"

லிஃப்ட்காரன் உள்ளங்கையைப் பார்த்தான். "மூணு."

மீசை நிதானமாகச் சொன்னான்: "நீ எடுத்துட்டுப் போனது நாலு."

நான்காவது வயர் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் செக்கச்செவேலென்று தொங்கிக்கொண்டிருந்தது. இருபது வருஷத்தில் அவன் செய்யாத தவறு. அதைப் பிடுங்கி மற்ற மூன்றோடு சேர்த்தான்.

இறங்கி வந்தவனின் முகத்தைப் பார்த்து மீசை, திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டான். ஏழாவது மாடியில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள் புத்தகப் பையோடு லிஃப்டுக்காகக் காத்து நின்றன.

"வீட்டுல ஏதாவதா?"

"நான் ஒண்ணு பண்ணிட்டு எடுக்காம வந்துட்டேன் மீசை."

"என்ன பண்ணின?"

லிஃப்ட்காரன் கருவிப் பையைக்கூட எடுக்காமல், லிஃப்டையும் விட்டுவிட்டுப் படியில் இறங்கி ஓடினான்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். மொட்டை மாடியில் துணி உதறும் ஓசை பட் பட்டென்று கேட்டது. மேஜையில் போன் தன்பாட்டுக்குக் கிடந்தது.

பெட்டி அமைதியாக இருந்தது. பச்சை எண் மட்டும் ஒளிர்ந்தது.

எண்பத்திரண்டு.

குருவி தூங்கவில்லை. விழித்திருந்தாள். உதட்டில் நாவல்பழம் தின்றதுபோல ஒரு நீலம். நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. தொண்டையில் சளி கொரகொரவென்று குமிழியிட்டது. கண்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தனவோ, யாருக்குத் தெரியும்?

அவன் என்ன செய்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. கை பழகிய கை. உறிஞ்சு குழாயை விட்டான். எடுத்தான். புரட்டிப் போட்டு முதுகில் தட்டினான். மூக்குக் குழாயில் போகும் பிராணவாயுவை அரை லிட்டரிலிருந்து ஒன்றுக்கு ஏற்றினான். எண்பத்தி நான்கு. எண்பத்தி ஏழு. எண்பத்தி ஏழிலேயே நின்று அவன் உயிரை எடுத்தது. பிறகு எண்பத்தி ஒன்பது. தொண்ணூறு.

"டேய், நீ எப்படா வந்தே?" என்று காலித் துணிக்கூடையோடு அக்கா உள்ளே வந்தாள். குழாயையும், தம்பியின் நனைந்த சட்டையையும், பிள்ளையின் உதட்டையும் பார்த்தாள். கூடை கீழே விழுந்தது.

"ஐயோ! அது கத்தலையேடா! நான் மேலதானே இருந்தேன்… கத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்குமே!" சட்டென்று தன் இரண்டு காதையும் உள்ளங்கையால் அறைந்துகொண்டாள். "காது போயிடுச்சாடா எனக்கு? கெழவிக்குக் காது போனது தெரியாம பிள்ளையைக் கொல்லப் பார்த்தேனா?"

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்படியே விட்டுவிடலாமா என்று அவன் மனத்தில் ஓடியது. மனிதன் மனம் எத்தனை பொல்லாதது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அக்கா இன்னும் காதை அறைந்துகொண்டிருந்தாள். அவன் அவள் கைகளைப் பிடித்தான்.

"உன் காதுக்கு ஒண்ணும் இல்லக்கா. அது கத்தாது. நான்தான் கத்தாதபடி மாத்தி வெச்சேன்."

அக்கா அவனைப் பார்த்தாள். எதிரிலிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். "எத்தனை நாளா?" என்றாள்.

"ஒம்பது நாளா."

"உன் பொண்டாட்டி ஒம்பது நாளா சந்தோஷமா இருந்தாளேடா" என்றாள் அக்கா. அவன் அடி விழும் என்று எதிர்பார்த்தான். அடி விழுந்திருந்தால் தேவலை.

அவன் எல்லையைத் தொண்ணூறில் வைத்தான். எண் மறுபடி எண்பத்தி ஒன்பதுக்கு இறங்கியதும் பெட்டி கத்தத் தொடங்கியது. அமுக்கினான். இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி கத்தியது.

சரியாக மூன்று மணிக்கு நர்ஸம்மா வந்தாள். குருவியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். வழக்கமாகக் குருவியிடம் ஏதாவது வம்பு இழுப்பவள் இன்று ஒன்றும் இழுக்கவில்லை. பெட்டியின் பொத்தான்களை அமுக்கி, அது மனத்தில் வைத்திருந்த கணக்கை ஒவ்வொரு நாளாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள்.

"எல்லை எம்பதுல இருந்திருக்கு. யார் மாத்தினது?"

"நான்."

நர்ஸம்மா திட்டவில்லை. படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சார், நீங்க சத்தத்தை நிறுத்தினதா நெனச்சிருக்கீங்க. அது மெஷின் கத்துறது இல்ல. இவ கூப்பிடுறா. இவளுக்கு வேற வாய் கிடையாது."

அவள் பெட்டியை அவன் பக்கம் திருப்பினாள்.

"இதைப் பாருங்க. தூங்குற நேரமெல்லாம் எறங்கியிருக்கு. முதல் நாள் எம்பத்தி ஒம்பது, எட்டு. அப்புறம் ஏழு, ஆறு. முந்தாநாளிலிருந்து எம்பத்தி மூணு. நாளுக்கு நாள் கீழே. இது சளி மட்டும் இல்ல சார்."

"அப்ப?"

"அதை டாக்டர்தான் சொல்லணும். இதெல்லாம் இப்பவே அனுப்பறேன். நாளைக்குப் பத்து மணிக்குக் கூப்பிடுவார்." பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பினாள். "அவர் கூப்பிடுறதுக்குள்ள, வீட்டம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. டாக்டர் வாயால அவங்க கேக்க வேண்டாம்."

மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை லிஃப்ட்காரன் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் நூறு விதமாக அடுக்கிப் பார்த்தான். எந்த வரிசையும் கவ்விக்கொள்ளவில்லை. அக்கா கட்டிலை விட்டு நகராமல் குருவியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டி கத்துவதும் ஓய்வதுமாக இருந்தது.

ஐந்தரைக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அதே நேரம் பெட்டி கத்தியது. வாசல் வரைக்கும் நன்றாகக் கேட்கும் சத்தம்.

அவள் பாய்ந்து ஓடி வருவாள் என்று அவன் எழுந்து நின்றான்.

அவள் ஓடி வரவில்லை. செருப்புச் சத்தம் நின்றது. வாசலில் ஒரு செருப்பைக் கழற்றினாள். பிறகு இன்னொன்றை. நிதானமாக உள்ளே வந்து, சுவரில் கையை ஊன்றி நின்றாள். விரல் நகங்களில் ரோஜா நிற மெழுகு ஒட்டியிருந்தது.

அக்கா உள்ளே குழாய் விடும் சத்தம் கேட்டது. பெட்டி ஓய்ந்தது.

"திரும்ப மாத்திட்டீங்களா?" என்றாள் அவன் மனைவி.

நூறு விதமாக அடுக்கி வைத்ததெல்லாம் சொல்லாமலே உதிர்ந்து போயிற்று.

"உனக்கு… எப்படி?"

"மூணாவது நாள். பெட்டி மேல தூசி தொடைக்கறப்போ ஓரத்துல அந்தச் சின்ன எண்ணைப் பார்த்தேன். எம்பது."

"மூணாவது நாளா!"

"விரல் பொத்தான் வரைக்கும் போச்சுங்க." அவள் தன் விரலையே யாருடைய விரலையோ போலப் பார்த்தாள். "அமுக்கினா கத்தும்னு தெரியும். கத்தினா எந்திரிக்கணும். நான் போய்ப் படுத்துட்டேன். நல்லாத் தூங்கினேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல? தெனம் காலையில கத்தலை, கத்தலைன்னு உங்க மூஞ்சியைப் பார்த்துத்தானே சொன்னேன். இன்னைக்காவது சொல்லுவீங்க, இன்னைக்காவது சொல்லுவீங்கன்னு. செருப்பு மாட்டறப்போகூட நின்னேன். கவ்வி லூஸுன்னீங்க."

"தெரிஞ்சும் எப்படி வேலைக்குப் போனே?"

"வீட்டுல உக்காந்து அந்த எண்ணைப் பார்க்க முடியலை." அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் அவனைக் கலக்கியது. "இன்னைக்குப் பல்லு பல்லா அடுக்கினேன். ஒண்ணுகூட நேரா நிக்கலை. எல்லாத்தையும் உருக்கிட்டு வந்துட்டேன்."

அவன் அவளிடம் கோபப்படப் பார்த்தான். கோபம் வரவில்லை. அணைத்துக்கொள்ளப் பார்த்தான். கை வரவில்லை. ஒரே திருட்டைத் தனித்தனியாகச் செய்த இருவர் ஒரே சந்தில் முட்டிக்கொண்டதுபோல நின்றார்கள்.

"நர்ஸம்மா என்ன சொன்னாங்க?"

"தெனம் எறங்கியிருக்காம். டாக்டர் நாளைக்குப் பத்து மணிக்கு…"

மேஜையில் போன் அடித்தது.

இருவரும் திரும்பினார்கள். கடிகாரம் ஆறுகூட அடிக்கவில்லை. நல்ல சேதி சொல்ல யாரும் ஒரு நாள் முன்னதாகவே அவசரப்படுவதில்லை. அந்த வீட்டில் அது எல்லோருக்கும் பாடம்.

போன் இரண்டாம் முறை அடித்தது. மூன்றாம் முறை. அவன் அவளைப் பார்த்தான். அவள் போனைப் பார்த்தாள். இரண்டு பேர் கையும் நீளவில்லை.

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவளே எடுத்தாள்.

"ஆமாங்க… வீடுதான். ரெண்டு பேரும் இருக்காங்க. இதோ, எதிர்லதான்." கேட்டுக்கொண்டே இருந்தாள். தலையை ஆட்டினாள், எதிர்முனைக்கு அது தெரியாது என்பதையும் மறந்து. பிறகு போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"டாக்டர்தான்" என்றாள். "முதல்ல ரெண்டு பேரையும் உக்காரச் சொல்றார்."